நலம் விசாரிப்பும் விசாரணையும்



நம் நாட்டுத் தமிழர்கள் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்றுதான். கேட்கிறவர் நம் வயிற்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று நமக்குத் தெரியும். நல்லா இருக்கியா, வீட்டுல எல்லாரும் சுகமா, ஏன் முகம் வாடியிருக்கு, எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். "இன்னும் இல்ல" என்று சொன்னால் அவர் விடமாட்டார். "வா, ஒரு தே தாரேக் குடிச்சிட்டுப் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போவார்.

கென்யாவிலும் இப்படி ஒரு வார்த்தை இருக்கிறது: "மாம்போ?" சுவாஹிலி மொழியில் "என்ன சேதி, எப்படி இருக்க?" என்று பொருள். 2007இல் அந்த நாட்டின் மூன்று கிளினிக்குகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. எச்.ஐ.வி. மருந்தைப் புதிதாக ஆரம்பித்த 538 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை கிளினிக்கில் இருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். "மாம்போ?" அவ்வளவுதான். எச்.ஐ.வி. என்ற சொல் இல்லை, மருந்து என்ற சொல்கூட இல்லை. 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். "ஸாவா" என்றால் நல்லா இருக்கேன். "ஷிடா" என்றால் ஒரு சிக்கல். ஷிடா என்று வந்தாலும், பதிலே வராமல் போனாலும், கிளினிக்கில் இருந்து ஒருவர் கூப்பிட்டுப் பேசுவார்.

ஓர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், செய்தி கிடைத்த குழுவில் 62 விழுக்காடு, கிடைக்காத குழுவில் 50 விழுக்காடு. ரத்தத்தில் கிருமி அடங்கியவர்கள் 57 விழுக்காடு, மற்றக் குழுவில் 48. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

நான் பொறியியல் படிக்கிற மாணவன். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோதுதான் இதைப் படித்தேன். இணையம் வேண்டாம், விலை உயர்ந்த கைப்பேசி வேண்டாம், ஒரு சின்ன குறுஞ்செய்தி ஓர் உயிரைப் பிடித்து வைக்கிறது. பொறியியல் மாணவனுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? என் குழுவில் மூன்று பேர். பிரசவமான தாய்மார்கள் எச்.ஐ.வி. சிகிச்சையை விட்டுவிடாமல் இருக்க, தானாகச் செய்தி அனுப்பும் ஒரு முறையை வடிவமைப்பது என்று முடிவு செய்தோம்.

ஏன் தாய்மார்கள்? சிகிச்சை எதுவும் இல்லையென்றால், எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி போகும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மருந்து ஒழுங்காக உள்ளே போனால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடலாம். நம் மலேசியாவிலேயே 1998இல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை தொடங்கியது. 2018இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று கொடுத்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். அதாவது இது தீராத விதி அல்ல. செய்ய வேண்டியதை விடாமல் செய்தால் தீர்கிற பிரச்சினை.

ஆனால் அந்த "விடாமல்" என்பதில்தான் சிக்கல். 2011இல் மலாவி நாடு ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், உடனே மருந்து, அதுவும் வாழ்நாள் முழுக்க. பிறகு மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. பல குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள். இருந்தாலும் மலாவியில் இப்படி மருந்து ஆரம்பித்த பெண்களில் 17 விழுக்காட்டினர் 6 மாதத்துக்குள் கிளினிக்கின் கண்ணில் இருந்து மறைந்துபோனார்கள். யோசித்துப் பாருங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வயிற்றுப் பிள்ளையைக் காட்ட வந்த பெண். அங்கே ரத்தம் எடுத்து, "உனக்கு எச்.ஐ.வி. இருக்கு, இன்னையிலிருந்து சாகும்வரை தினமும் இந்த மாத்திரை" என்கிறார்கள். வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வாள்? மாத்திரை டப்பாவை எங்கே வைப்பாள்?

குழந்தை பிறந்த பிறகு இன்னும் கஷ்டம். பலர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். கிளினிக் தூரம், பஸ் காசு, தூக்கம் இல்லாத ராத்திரி. அந்தச் சமயத்தில்தான், ஆறாவது வாரத்தில், குழந்தையை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை கைக்குழந்தைக்குப் பயன்படாது. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும். அதனால் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கிருமியே இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கிருமி தொற்றிய குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டில் ஒரு குழந்தை இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

கென்யாவின் மேற்கில், நியான்சா பகுதியில், 388 கர்ப்பிணிகளை வைத்து இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். 8 வாரத்துக்குள் பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகள் 85 விழுக்காட்டில் இருந்து 92ஆக உயர்ந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தன் உடம்பைக் காட்ட வந்த தாய்மார்கள் 12இல் இருந்து 20 விழுக்காடு ஆனார்கள். பிள்ளைக்காக வருகிறார்கள், தனக்காக வருவதில்லை. நம் அம்மாக்களும் அப்படித்தானே?

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பெரிய ஆள் போல உட்கார்ந்து செய்திகளை எழுதினேன். மலாயிலும் தமிழிலும் எழுதினேன். குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 போடலாம், தமிழ் எழுத்து என்றால் 70தான். அந்த 70க்குள் சுருக்கமாக, மரியாதையாக, தெளிவாக எழுதினேன்: "வணக்கம் அம்மா. இன்று உங்கள் எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டீர்களா?" எழுதிப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது என் குடும்பத்துக் கதை. எழுதலாமா என்று அக்காவிடமும் அவளுடைய மாமியாரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்றார்கள், போடவில்லை.

சோதனைக்கு ஐந்து கைப்பேசி எண்கள் தேவைப்பட்டன. நண்பர்கள் எண்களோடு அக்காவின் எண்ணையும் போட்டேன். "என் புரோஜெக்டுக்கு உன் நம்பர் போட்டுக்கவா?" என்று கேட்டேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே "போட்டுக்கோ" என்றாள். என்ன செய்தி வரும் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று நேரம் குறித்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

அந்த ஞாயிறு குழந்தைக்கு முப்பதாம் நாள் பூசை. அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தான் வீட்டில் இருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், பேரனைப் படம் எடுக்க அக்காவின் கைப்பேசியைக் கையில் எடுத்தார். மணி பத்து. திரையில் என் செய்தி வந்து நின்றது. அத்தை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒருவேளை கவனிக்காமல் விட்டிருப்பார். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றுதானே தமிழில் எழுதினேன்!

அத்தை சத்தம் போடவில்லை. கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். போய் அக்காவின் மடியில் இருந்து குழந்தையை வாங்கினார். "குடு, நான் பாத்துக்கிறேன்." பால் கொடுக்கும் நேரம் வந்தபோது, "பால் மாவு கலக்கித் தரட்டுமா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பசிக்காக அழுகிற குழந்தையைக் கேட்டும் கையில் தராமல், ஒரு மணி நேரம் எதையெதையோ சொல்லிக்கொண்டு இருந்தார். அப்புறம் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அத்தான் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினார். "தம்பி, நீ படிச்சவன். இது என்னடா?"

நான் எழுதிய வாக்கியம்.

எல்லார் முன்னாலும் நின்று விளக்கம் சொன்னேன். இது திட்டப்பணி, சோதனைச் செய்தி, அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். "இவன் ஒருத்தன்!" என்று அப்பா என் தலையில் தட்டினார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ராத்திரி எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள். "நீ வந்து சொன்னதும் முடிஞ்சிருச்சு. நான் நிஜமாவே அந்த மருந்து சாப்பிடுறவளா இருந்திருந்தா, யாரு வந்து 'இது வெறும் புரோஜெக்ட்'னு சொல்லுவா?"

என்னிடம் பதில் இல்லை. நான் ஒரு தாய்க்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதிய ஒரு வரி, ஒரு மணி நேரத்தில் அவள் மடியில் இருந்து குழந்தையைப் பிரித்தது. என் நோக்கம் நல்ல நோக்கம்தான். அது அவளைக் காப்பாற்றவில்லை.

அன்று என் கணினியைத் திறந்து பார்த்தேன். அக்காவின் எண்ணுக்கு நேராகப் பச்சை நிறத்தில் "சேர்ந்தது" என்று இருந்தது. என் முறை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. செய்தி கைப்பேசிக்குச் சேர்ந்தது, ஆளுக்குச் சேரவில்லை. கைப்பேசியும் ஆளும் ஒன்று என்று நான் நினைத்ததுதான் தப்பு. கென்யாவில் எத்தனையோ வீடுகளில் ஒரே கைப்பேசியைக் குடும்பமே புழங்கும். 2007இல் எம்-பெசா வந்ததில் இருந்து, பணம் அனுப்புவதும் வாங்குவதும்கூட அதில்தான். எச்.ஐ.வி. இருப்பதைக் கணவனிடம் சொல்ல முடியாத ஒரு பெண்ணுக்கு, அந்தத் திரையில் வரும் ஒரு வார்த்தை என்ன செய்யும்? "மாம்போ?" என்று மட்டும் கேட்டவர்கள் சோம்பேறித்தனத்தால் சுருக்கமாகக் கேட்கவில்லை. யார் படித்தாலும் அவளுக்குக் கேடு வராத ஒரு கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் நம் மொழியில் உள்ள ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. நாம் "நலம் விசாரித்தேன்" என்கிறோம். போலீஸ் செய்வதையும் "விசாரணை" என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லில் இருந்து வந்தவை. இரண்டிலும் ஒருவர் கேட்கிறார், ஒருவர் பதில் சொல்கிறார். அப்படியென்றால் நலம் விசாரிப்பது எங்கே முடிகிறது, விசாரணை எங்கே தொடங்குகிறது? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

"மருந்தைச் சாப்பிட்டீர்களா?" என்ற என் வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். மரியாதையான வாக்கியம்தான். ஆனால் அதற்கு ஆம், இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இல்லை என்றால் அவள் குற்றவாளி. "மாம்போ?" என்ற கேள்விக்கு "ஷிடா" என்று சொன்னால் அவள் குற்றவாளி ஆகவில்லை. ஒருவர் கூப்பிட்டு, என்ன சிக்கல் என்று கேட்பார். மாத்திரை குமட்டுகிறதா, பஸ்ஸுக்குக் காசு இல்லையா, புருஷன் டப்பாவைப் பார்த்துவிட்டானா? விசாரணை செய்கிறவனுக்குத் தேவை பதில். நலம் விசாரிக்கிறவனுக்குத் தேவை ஆள்.

இதை என் குழுவில் சொன்னபோது ஒரு தோழி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை நேர்மையாக இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் அது சாதாரண வாதம் அல்ல. "சரி, அந்த அம்மா பதில் போடல. கிளினிக்குக்கும் வரல. அவங்க ரகசியம், அவங்க உரிமைன்னு நீ விட்டுடுவ. குழந்தைக்கு ஆறு வாரம் ஆகுது. அதுக்கு யாரு பேசுவா? நானா இருந்தா புருஷனுக்குப் போன் போடுவேன், மாமியாருக்குப் போடுவேன், யாருக்கு வேணும்னாலும் போடுவேன். ஒரு உயிரைவிட ரகசியம் பெரிசா?"

இரண்டு நாள் எனக்கு இது மண்டையைக் குடைந்தது. ரகசியம் பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. உயிர் பெரியது என்று சொல்லிவிட்டு அக்காவின் முகத்தை மறக்கவும் முடியவில்லை.

இப்போது நான் நினைப்பது இதுதான். குழந்தையின் உயிரையும் தாயின் ரகசியத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைப்பதே பாதித் தவறு. பால் கொடுப்பவள் தாய். மருந்து சாப்பிட வேண்டியவளும் தாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வர வேண்டியவளும் அவள்தான். அவளை மிரட்டினால் அந்தப் பாதையே மூடிப்போகும். ஒரு பெண்ணின் ரகசியம் கிளினிக்கால் வெளியே போனது என்று தெரிந்தால், அவள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பெண்ணும் அந்தக் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அப்போது எத்தனை குழந்தைகள்?

ஆனாலும் தோழி சொன்னதில் மிச்சம் ஒன்று இருக்கிறது. ஒருத்தி வரவே இல்லையென்றால் சும்மா இருப்பதும் அக்கறை அல்ல. அதற்கு நாங்கள் மூவரும் சேர்ந்து கண்ட வழி எளிமையானது. பல கிளினிக்குகள் ஏற்கெனவே செய்கிற வழிதான். முதல் நாளே கேட்க வேண்டும்: "நீங்க வரலன்னா உங்களை எப்படித் தேடட்டும்? இந்தப் போன் யாரு கையில இருக்கும்? எத்தனை மணிக்குச் செய்தி வரலாம்? வேற யாரு மூலமா சொல்லலாம்? வீட்டுக்கு ஆள் வரலாமா, வந்தா யாருன்னு சொல்லிக்கணும்?" அவள் சொல்கிற வழியில் தேட வேண்டும். தேடாமல் இருக்கக் கூடாது. தேடுவதற்கான வழியை அவள் கையில் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்தவும் ஒரு வழி இருக்க வேண்டும்.

எல்லாச் சிக்கலும் இதில் தீராது. எந்த வழியும் சொல்லாமல் காணாமல் போகிறவளும் இருப்பாள். அங்கே ஒரு செவிலியர், நம் பேச்சில் ஒரு மிஸ்ஸி, தன் மனசாட்சியோடு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை ஒரு கணினி நிரலிடம் ஒப்படைத்துவிட்டு நாம் தூங்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

வள்ளுவரின் அதிகார வரிசையில் 58ஆவது கண்ணோட்டம், 59ஆவது ஒற்றாடல். ஒன்று இரக்கத்தோடு பார்ப்பது. அடுத்தது ஒற்றரை வைத்துப் பார்ப்பது. சமய வகுப்பில் மனப்பாடம் செய்த காலத்தில் இந்த வரிசை எனக்கு எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறது. இரண்டும் பார்வைதான், பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டு வேறு அதிகாரம். ஒரே பக்கமாகப் புரட்டிவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். சிவப்பு, பச்சைப் புள்ளிகளாகத் தாய்மார்களைத் திரையில் பார்க்கிற ஒரு பொறியாளனுக்கு அது இன்னும் சுலபம்.

இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. கென்யாவில் பிறகு 6 கிளினிக்குகளில் 800க்கும் மேற்பட்ட தாய்மார்களோடு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு குழுவுக்கு ஒருவழிச் செய்தி, ஒரு குழுவுக்குப் பதில் எழுதக்கூடிய இருவழிச் செய்தி, ஒரு குழுவுக்குச் செய்தியே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை தொடர்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது: கிருமியை அடக்குவதில் மூன்று குழுவுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது இல்லை. குறுஞ்செய்தி கதவைத் தட்டும், அவ்வளவுதான். கதவைத் திறந்தால் வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2001இல் தொடங்கிய மதர்ஸ் டு மதர்ஸ் அமைப்பு, எச்.ஐ.வி.யோடு வாழும் தாய்மார்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, புதிதாக வரும் தாய்மார்களுக்குத் துணையாக உட்கார வைக்கிறது. அவள் சொல்லும் "எனக்கும் இருக்கு, என் புள்ளையப் பாரு, நல்லா இருக்கான்" என்ற சொல்லுக்கு எந்த நிரலும் ஈடாகாது.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. ஒரு வாரம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். "அந்த மாதிரி இருக்கிற பொண்ணுங்க புள்ளைக்குப் பால் குடுக்கலாமாடா?" என்று கேட்டார். கென்யா போன்ற நாடுகளில் மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள், இங்கே என்றால் டாக்டர் சொல்கிறபடி செய்ய வேண்டும், ஆனால் தூக்குவதாலோ ஒரே குவளையில் குடிப்பதாலோ எதுவும் வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குப் பயம்டா தம்பி. வேற ஒண்ணும் தெரியல. புள்ளைய அவகிட்டேருந்து வாங்கினேனே, அதான் உறுத்துது" என்றார். அத்தை கெட்டவர் இல்லை. பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் செய்தார். பாசமும் நல்ல நோக்கமும் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தாயைத்தான் காயப்படுத்தியிருக்கிறோம்.

இது ஆப்பிரிக்காவின் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கு முன்னால் நம் இளைஞர்கள் உதவிப் பொருள் கொடுக்கப் பட்டியல் எடுக்கிறோம். பெயர், முகவரி, பிள்ளைகள் எத்தனை, கடைசியில் "காரணம்" என்று ஒரு கட்டம். அதில் கணவன் சிறையில் என்றோ, இன்ன நோய் என்றோ எழுதி, புலனக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறோம். அரிசிப் பையை வாங்கும் அம்மாவை நிற்கவைத்துப் படமும் எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தை அவர் பிள்ளையின் வகுப்பு நண்பன் பார்ப்பானா என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. சேவை செய்கிறவனுக்கு இரண்டு கேள்வி போதும் என்று இப்போது தோன்றுகிறது. இதை நான் சொல்வது வேறு யார் காதில் விழும்? அவர் "சிக்கல்" என்று சொன்னால் நான் எழுந்து போவேனா?

எங்கள் திட்டப்பணியில் அந்தப் பெருமைக்குரிய வாக்கியத்தை அழித்துவிட்டோம். இப்போது "பசியாறியாச்சா?" என்று மட்டும் போகும். "ஆச்சு", "இல்ல" என்ற இரண்டு பதில் மட்டும் கணினிக்குப் புரியும். போன மாதம் அக்காவிடம் முறையாகக் கேட்டு, செய்தியையும் நேரத்தையும் காட்டி, மறுபடி அவள் எண்ணுக்கு அனுப்பினேன். அவள் தன் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் ஆகியிருந்தது.

பதில் வந்தது. "இல்லடா. ராத்திரி முழுக்க ஒரே அழுகை, அவனும் நானும். யாரும் இல்ல. வர்றியா?"

கணினி அதைப் புரிந்துகொள்ளவில்லை. "அறியப்படாத பதில்" என்று போட்டிருந்தது. நான் மத்தியான வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். போகிற வழியில் அவளுக்கும் சேர்த்து நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.